கடைசி ஓவரில்தான் மாவு தீருமா?

நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பேன், ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். டிவியில் கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவர் ஆரம்பிக்கட்டும், "டேய், மாவு தீந்துருச்சு, ஓடிப்போய் வாங்கிட்டு வா" என்பார் அம்மா. 19 ஓவர் வரை தீராத மாவு அப்போதுதான் தீருமா? அப்பா டிவிக்கு நேர் முன்னால் நின்றுதான் வேட்டியை உதறிக் கட்டுவார்.

2023 ஐபிஎல் இறுதிப்போட்டியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மழையால் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. கடைசி 2 பந்தில் சென்னைக்கு 10 ரன் வேண்டும். போன் அடிக்கிறது. மாமா மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டாராம், உடனே போகணுமாம். மதுரையில் ஆட்டோவே இல்லையா? வாசலில் கிக்கரை மிதிப்பதற்குள் செல்லூர் தெருவே அலறியது, ஜடேஜா சிக்ஸர்! அடுத்த அலறல், ஃபோர்! 5-வது கோப்பை. இரண்டையும் நான் காதால்தான் கேட்டேன். ஹைலைட்ஸ் பாரேன் என்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதும் ஒரு பார்வையா?