பாபிலோனில் நைட் ஷிப்ட்

இங்கிலாந்துக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் வந்த வாரமே கேட்பது, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்பதைத்தான். ஆறேழு மாதம் போனபின் இன்னொன்றும் கேட்பார்கள். அதைக் கூட்டத்தில் கேட்கமாட்டார்கள். டூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, "அக்கா, இங்க வந்ததுல இருந்து ஜெபமே வரமாட்டேங்குது. ஊர்ல நான் எப்படி இருந்தேன் தெரியுமா?" என்பார்கள்.

இதற்கு நம் கூட்டங்களில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: பின்மாற்றம். பவுண்டைப் பார்த்ததும் கர்த்தரை மறந்துவிட்டாய், பழைய அன்புக்குத் திரும்பு. பன்னிரண்டரை மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வரும் பெண்ணிடம் இதைச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ தெரியவில்லை. பணம் யாரையும் மாற்றாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாடகை கட்டி, ஏஜென்ட் கடனை அடைத்து, மிச்சத்தை ஊருக்கு அனுப்பும் பிள்ளையிடம் மயங்குகிற அளவுக்குப் பணம் ஏது?

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ஊரில் நாம் ஜெபித்ததில் பாதியை ஊர்தான் ஜெபித்தது.

நான் நாசரேத் பக்கம். எங்களுக்குச் சர்ச் என்றால் கோயில், பாஸ்டர் என்றால் ஐயர். விடியுமுன் கோயில் மணி அடிக்கும். எழுந்து போகிறோமோ இல்லையோ, காது கேட்டுவிடும். அருணோதய ஜெபத்துக்குப் போகும் பாட்டிமார் பேசிக்கொண்டே தெருவைக் கடப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம்: ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு எல்லோரும் முழங்காலில். தூக்கத்தில் சாய்ந்தால் அம்மா கிள்ளுவாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வீட்டில் மீன் வாசனையே இருக்காது. இரண்டு ஞாயிறு தொடர்ந்து கோயிலில் முகம் தெரியாவிட்டால் ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சைக்கிளில் வந்து, "என்னம்மா, சுகமில்லையா?" என்பார். அவர் சுகத்தை விசாரிக்க வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதைப் போலி பக்தி என்று சொல்லமாட்டேன். ஒரு ஊரே சேர்ந்து ஒருவரைத் தூக்கி நிறுத்துவது பெரிய விஷயம். ஆனால் ஹீத்ரோவில் இறங்கும்போது நாம் மட்டும்தான் இறங்குகிறோம். மணியும் உபதேசியாரும் அம்மாவின் கிள்ளும் கூட வருவதில்லை.

அது போதாதென்று இந்த நாட்டின் பொழுது வேறு. நம் பக்கம் வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்கு அந்தி சாயும். விளக்குப் போட்டதும் ஜெபம் என்பது உடம்பில் ஊறியிருக்கும். நான் இருக்கும் யார்க்‌ஷயரில் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம். எது அந்தி? அதற்கு மேல் ரோட்டா, அதாவது ஷிப்ட் அட்டவணை. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு, நடுவில் ஒரு ஓய்வு நாள், அதுவும் துணி துவைக்கவே சரியாகப் போய்விடும். "தினமும் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபியுங்கள்" என்று யூடியூபில் ஒரு பிரசங்கியார் சொல்கிறார். அந்நேரம் நான் ஒரு தாத்தாவுக்கு டயபர் மாற்றிக்கொண்டிருப்பேன்.

இங்கே வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, ஊரோடு போனில் ஒட்டிக்கொள்வது. கொரோனாவுக்குப் பிறகு ஜூமில் இல்லாத ஜெபக்கூட்டமே இல்லை. ஊரில் இரவு எட்டு மணி என்றால் இங்கே பனிக்காலத்தில் பகல் இரண்டரை, கோடையில் மூன்றரை. ஊர் அருணோதயம் இங்கே நடுச்சாமம். ஆகவே கேமராவை அணைத்து, மைக்கை மியூட்டில் போட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே "கலந்துகொள்கிறோம்". வாட்ஸ்அப்பில் வரும் வாக்குத்தத்த வசனத்துக்கு ஒரு ஆமென். இப்படி மூன்று குரூப்பில் ஆமென் போட்டுவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. என் கருத்தில் இது ஜெபம் கேட்பது, ஜெபிப்பது அல்ல. உடம்பு இங்கிருக்க, ஜெபம் மட்டும் அங்கேயே குடியிருக்கிறது. அப்புறம் "இங்கே தேவனே இல்லாத மாதிரி இருக்கு" என்றால் எப்படி?

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து கேர் வொர்க்கர் விசாவில் புதிதாக வந்தவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியவில்லை. புருஷனையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்த வீடியோ கால்தான் குடும்ப ஜெபம். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் பரமண்டல ஜெபத்தைச் சொல்வதைக் கேட்க வேலை இடத்தில் பிரேக்கை மாற்றி வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மற்றவர்களிடம் நான் சொல்வது வேதாகமத்தில் வரும் தானியேலைப் பற்றித்தான். நம் பிரசங்கங்களில் அவர் சிங்கக் கெபிக்கு மட்டுமே வருகிறார். அவர் சொந்த ஊரான எருசலேமைவிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர், அந்நிய பாஷை கற்று அந்நிய அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பதை யாரும் பேசுவதில்லை. அவருக்கு ஆலயம் இல்லை, பலி இல்லை, பண்டிகை இல்லை. இருந்தது மேல்வீட்டு அறை, எருசலேமை நோக்கித் திறந்த ஜன்னல், நாளுக்கு மூன்று வேளை. ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் எரேமியாவின் புஸ்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்த எரேமியாதான் பாபிலோனுக்குப் போனவர்களுக்குக் கடிதம் எழுதி, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொன்னவர். ஜன்னல் எருசலேம் பக்கம் இருக்கட்டும். முழங்கால் பட்டது பாபிலோன் தரையில்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவளுக்குச் சொந்த வார்த்தையில் அரை மணி நேரம் ஜெபிக்க வராது. அதை எதிர்பார்ப்பதே கொடுமை. அந்த நேரத்தில் எழுதி வைத்த ஜெபம் கைகொடுக்கும். இதைச் சொன்னால் நம்மில் சிலருக்குப் பிடிக்காது; வாசிப்பதெல்லாம் ஜெபமா, ஆவியில் நிறைந்து ஜெபிக்க வேண்டாமா என்பார்கள். சங்கீதம் எழுதி வைத்ததுதானே? இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஜெப புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குக் காலை, மாலை என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். முதல் தேதி காலை ஒன்று முதல் ஐந்து வரை. முப்பதாம் தேதி மாலை 147 முதல் 150 வரை. 31ஆம் தேதி இருந்தால் முந்தின நாளுடையதையே மறுபடி வாசிக்கலாம். தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். இன்றைக்கு எதை வாசிப்பது என்று களைத்த மூளை யோசிக்க வேண்டியதில்லை. தேதி தெரிந்தால் போதும்.

இதில் எனக்குப் பிடித்தது, சங்கீதம் நம் மனநிலையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது. சந்தோஷமாக இருக்கும் அன்று புலம்பல் வரும். புலம்பும் அன்று கைத்தாளம். பாபிலோன் ஆறுகளண்டையில் உட்கார்ந்து அழும் 137 ஒவ்வொரு மாதமும் 28ஆம் தேதி மாலை வரும். ஊர் ஏக்கத்துக்கு மாதத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்கி வைத்தது போல. அதற்கு முந்தின நாள் காலையில்தான் கண்களை ஏறெடுத்துப் பர்வதங்களைப் பார்க்கும் 121 வருகிறது. 15ஆம் தேதி மாலை 78, ஒரே சங்கீதம், எழுபதுக்கு மேல் வசனம். அன்று லாங் டே ஷிப்ட் என்றால் பாதியில் தூங்கிவிடுவேன். தூங்கினால் தூங்கட்டும். அதே புத்தகத்தின் மாலை ஆராதனையில், இந்த ராத்திரியின் ஆபத்துகளிலிருந்து காக்கும்படி கேட்கும் சின்ன ஜெபம் ஒன்று உண்டு. நைட் டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்து, பக்கத்துத் தெருச் சர்ச். நம்மவர்கள் மாதம் ஒரு முறை தமிழ் ஆராதனைக்கு ஒரு மணி நேரம் காரில் போவார்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷத்தில் இருக்கும் சேகரத்துக் கோயிலை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். "அங்க பத்து கிழவங்கதான் இருக்காங்க, பாட்டுல உயிரே இல்லை." உண்மைதான், சில இடங்களில் பத்துப் பேர்தான். ஆனால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளுக்கு அது அந்நிய வீடு அல்ல. திருநெல்வேலிச் சபைகள் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை, வழி வந்தவை. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகிப் பல சபைகள் ஒன்றானபோது நம் முறைமை கொஞ்சம் மாறியது. இன்றும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் நாம் ஓர் உறுப்புச் சபை. தாராளமாகப் போய்த் திருவிருந்தில் முழங்காலிடலாம். யார்க் மின்ஸ்டரைச் சுற்றிப் பார்க்கத்தான் டிக்கெட்; மாலை ஆராதனைக்குப் போகக் காசு கிடையாது. பாடகர் குழு மரியாளின் பாட்டையும் சிமியோனின் பாட்டையும் பாடும். நாம் பாட வேண்டியதுகூட இல்லை. வார்டில் மணிக்கணக்காகப் பேசி ஓய்ந்த வாய்க்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

2023 டிசம்பர் 17, 18இல் நம் பக்கம் மழை கொட்டியது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் புகுந்து, போனும் செத்து, வீட்டில் யார் எங்கே என்றே தெரியாத நாட்கள். என் தெருச் சர்ச்சில் அடுத்த ஞாயிறு வேண்டுதல் ஜெபத்தில் அந்த ஊர்ப் பெயர்களை வாசித்தார்கள். உச்சரிப்பு படுமோசம். ஸ்ரீவைகுண்டத்தை மூன்று துண்டாக்கினார்கள். ஆனால் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் வந்து, தண்ணீர் வடிந்ததா, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றார். ஜனவரி முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டில் உயிர் இல்லை என்று சொல்லும் தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

ஜெபக் குறிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கூட்டங்களில் கொடுக்கப்படும் குறிப்புகளைக் கவனியுங்கள்: ஸ்பான்சர்ஷிப், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, வீட்டுக் கடன், இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் ஐ.எல்.ஆர். இந்த ஐந்து வருஷக் காத்திருப்பைப் பத்தாக்கலாம் என்று 2025 மே மாதம் அரசாங்கம் சொன்னதும் உபவாச ஜெபங்களில் கூட்டம் கூடியது. பயம் நியாயமானதுதான். கேட்கவும் வேண்டும். ஆனால் விசாவுக்காக மட்டுமே ஜெபிக்கப் பழகியவருக்கு விசா கிடைத்த மறுநாள் ஜெபிக்க விஷயம் இருக்காது. ஐ.எல்.ஆர். கிடைத்த சாட்சி சொல்லிவிட்டு அதோடு காணாமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் வார்டில் பேச ஆளில்லாமல் கிடக்கும் மனிதர்கள், கீழ்வீட்டுச் சிரியாக்காரக் குடும்பம், இந்த ஊரில் மூடப்போகும் தொழிற்சாலை, இவை நம் ஜெபக் குறிப்பில் வர எத்தனை வருஷம் ஆகும்?

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எனக்கும் என் கணவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. வீட்டு ஜெபம் தமிழில்தான் என்பது அவர் கட்சி. என் மகன் ஆங்கிலத்தில்தான் ஜெபிக்கிறான், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏதோ மிஸ்ஸிடம் பேசுவது போல. நான் விட்டுவிடு என்கிறேன். டோனாவூரில் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1951இல் இறக்கும்வரை ஐம்பது வருஷத்துக்கு மேல் நம் மண்ணில் இருந்தார், ஒரு விடுமுறைக்குக்கூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. நம் பிள்ளைகளோடு தமிழில்தான் பேசினார். இங்கே அதன் மறுபக்கம் நடக்கிறது, அவ்வளவுதான். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு: பாட்டும் சங்கீதமும் தமிழில், ஜெபம் அவரவர் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை நைட் டூட்டி இருந்தால் அதையும் திங்கள் மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கிறோம்.