ரீஸ்டார்ட் அடிக்கும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள்

சிங்கப்பூரில் வங்கி, பேமென்ட் சிஸ்டங்களுக்கு ஆன்-கால் (கோளாறு என்றால் உடனே வந்து சரிசெய்யும் பணி) பார்க்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். சிஸ்டம் தடுமாறினால் முதல் வேலையாக ரீஸ்டார்ட் அடிக்கும் பழக்கம் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குள்ளேயே (புரோகிராமுக்குள்ளேயே) ஒரு எக்ஸ்பிரஷனை, அதாவது ஒரு சின்ன வரிக் கோடை, ஓட்டி, உள்ளே என்ன நிலைமை என்று பார்க்க டீமுக்கு அனுமதி வேண்டும்.

அவசரம் புரிகிறது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, முக்கிய சிஸ்டம் ஒன்று 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது. சம்பவம் தெரியவந்த 1 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆனால் அதே விதி 14 நாளுக்குள் மூல காரண அறிக்கையும் கேட்கிறது. ரீஸ்டார்ட் ஆன கணமே கனெக்‌ஷன் பூலின் (டேட்டாபேஸுக்கான இணைப்புகளின் தொகுப்பு) எண்ணிக்கை, கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) கிடந்த பழைய மதிப்பு, சிக்கி நின்ற த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) எல்லாம் அழிந்துவிடும். லாக்கில் எழுதாத ஒன்றை அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. கெட்டுப்போன ஒரு பாடின் (அப்ளிகேஷனின் ஓடும் பிரதி ஒன்றின்) லேபிளை மட்டும் மாற்றுங்கள். லேபிளைப் பார்த்துக் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் சர்வீஸ் அதற்கு டிராஃபிக் அனுப்பாது. அதன் இடத்தில் புது பாட் எழும்பும். பழையது உயிரோடு உங்கள் கையில் இருக்கும். லைவ்னெஸ் ப்ரோப் (உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) தோற்றால் அதுவும் ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

ஜாவா என்றால் அர்தாஸ், ஓடும் புரோகிராமுக்குள் எட்டிப் பார்க்கும் ஒரு கருவி. அதன் ‘வாட்ச்’ கட்டளை ஒரு மெத்தட் (கோடின் ஒரு செயல்பாடு) அழைக்கப்படும்போது உள்ளே போனது, வெளியே வந்தது, வீசப்பட்ட எக்ஸெப்ஷன் மூன்றையும் காட்டும். ‘200 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்த அழைப்பு மட்டும்’ என்று நிபந்தனையும் போடலாம். ஆனால் டிராஃபிக்கிலிருந்து கழற்றிய பாடில் வாட்ச் போட்டால் ஒன்றும் வராது, யாரும் அழைக்கவில்லையே. அங்கே ‘விஎம்டூல்’ மூலம் ஹீப்பில் (ஜாவாவின் நினைவகத்தில்) இருக்கும் ஆப்ஜெக்டையே பிடித்து அதன் ஃபீல்டை (அதில் சேமித்த மதிப்பை) படிக்க வேண்டும். பெரிய ஹீப்பில் இந்தத் தேடல் ஜேவிஎம்மையே (ஜாவா புரோகிராமை ஓட்டும் இயந்திரத்தையே) கொஞ்ச நேரம் நிறுத்தும். கழற்றிய பாடில் அது பாதகமில்லை.

பலர் சறுக்கும் இடங்கள் சில உண்டு. வாட்ச் இயல்பாக மெத்தட் முடிந்த பிறகே பார்க்கும். மெத்தட் தன் பாராமீட்டரை உள்ளே மாற்றியிருந்தால் நீங்கள் பார்ப்பது மாறிய மதிப்பு. உள்ளே வந்தபோது இருந்தது வேண்டுமென்றால் ‘பி’ ஆப்ஷன் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை சொல்லாவிட்டால் 100 முறை வரை ஓடும், 5 போதும். கிளாஸ் பெயரில் நட்சத்திரக்குறி போட்டுத் தேடினால் ஏகப்பட்ட கிளாஸ்களின் பைட்கோட் (ஜேவிஎம் ஓட்டும் வடிவிலான கோட்) மாற்றப்பட்டு, சிஸ்டம் மேலும் திணறும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: எக்ஸ்பிரஷன் வெறும் பார்வை இல்லை, அது கோட். ஒரு கெட்டரை (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தடை) கூப்பிட்டால் அதற்குள் ஹைபர்னேட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி அனுப்பக்கூடும். ஏற்கெனவே பூல் வறண்டு கிடக்கும் சிஸ்டத்தில் அது இன்னொரு த்ரெட்டைச் சிக்க வைக்கும். முடிந்தவரை ஃபீல்டை நேரடியாகப் படியுங்கள்.

செக்யூரிட்டி டீம் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. அர்தாஸ் எக்ஸ்பிரஷனுக்குப் பயன்படுத்தும் அதே ஓஜிஎன்எல் மொழிதான் 2017இல் ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க்கின் ஓட்டை வழியாக அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸுக்குள் ஆட்கள் நுழைய வழிவிட்டது. அதனால் அர்தாஸின் 3658, 8563 போர்ட்களை லோக்கல்ஹோஸ்டுக்கு (அதே மெஷினுக்கு) வெளியே ஒருபோதும் திறக்காதீர்கள். பாராமீட்டர் முழுவதையும் கொட்டினால் அடையாள அட்டை எண், கணக்கு எண் எல்லாம் திரையில் வரும். அதை யாராவது படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிரச்சினை ஆகிவிடும். லிஸ்ட்டில் எத்தனை இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள்.

பைத்தான்காரர்களுக்கும் 3.14 பதிப்பில் ரிமோட் எக்ஸெக் வந்துவிட்டது. ஓடும் ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து ஒரு ஸ்கிரிப்டை உள்ளே அனுப்பலாம். மெயின் த்ரெட் சி மொழியில் எழுதிய ஏதாவது லைப்ரரிக்குள் காத்துக் கிடந்தால், அது திரும்பி வரும்வரை ஸ்கிரிப்ட் ஓடாது. லினக்ஸில் பிடிரேஸ் உரிமையும் (இன்னொரு ப்ராசஸுக்குள் நுழையும் அனுமதி) வேண்டும். பெரும்பாலான கன்டெய்னர்களில் அது இருக்காது.

நெருக்கடி நேரத்தில் உட்கார்ந்து எக்ஸ்பிரஷன் எழுதக்கூடாது. பூல், கேஷ், க்யூ மூன்றுக்கும் இப்போதே எழுதி, ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) ஓட்டிப் பார்த்து, மாற்றங்களை அனுமதிக்கும் சேஞ்ச் போர்டிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி ரன்புக்கில் (நெருக்கடியில் செய்ய வேண்டியவற்றின் குறிப்பேட்டில்) வையுங்கள். ஜாவாவின் ஜேடிகே 21 பதிப்பிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸில் ஏஜென்ட் (அர்தாஸ் உள்ளே ஏற்றும் துணைக் கோட்) ஏற்றினால் எச்சரிக்கை வரும். அதற்கான ஃப்ளாகையும் அந்த ஒப்புதலிலேயே சேர்த்துவிடலாம். ரன்புக்கின் கடைசி வரி அர்தாஸை முழுதும் நிறுத்தும் ‘ஸ்டாப்’ ஆக இருக்கட்டும். ‘க்விட்’ உங்கள் இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும், ஏஜென்ட் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.