பத்து ரூபாய் கட்ட ஒரு நாள் லீவு

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட வெறும் 10 ரூபாய்தான். தொகையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கட்டுவதற்குப் படும் பாடு இருக்கிறதே, அப்பப்பா!

தமிழக அரசு அலுவலகம் என்றால் மனுவிலேயே கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிடலாம். அதையே மத்திய அரசு அலுவலகத்துக்கு ஒட்டினால் செல்லாது. அங்கே போஸ்டல் ஆர்டர் வேண்டும், அதுவும் கணக்கு அலுவலர் பெயருக்கு. தபால் நிலையத்தில் கேட்டால், "பத்து ரூபாய் ஆர்டர் ஸ்டாக் இல்லை சார்." டிடி எடுக்கப் போனால் கமிஷன் கட்டணத்தையே விழுங்கிவிடும். அந்த அலுவலகத்துக்கே நேரில் போய் நோட்டை நீட்டினால், "கேஷ் வாங்குறதில்லை." விதியில் ரொக்கமும் உண்டு என்பது தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தேவா?

இதையெல்லாம் தாண்டினால் நகல் கட்டணம், பக்கத்துக்கு 2 ரூபாய். அவர்கள் பதில் தரவேண்டிய 30 நாள் கெடு முடியப்போகும் நேரம் பார்த்து, "14 ரூபாய் செலுத்தவும்" என்று ஒரு கடிதம் வரும். பணம் கட்டும்வரை நாள் கணக்கு நின்றுவிடும், சட்டத்திலேயே அப்படித்தான். என்ன சாமர்த்தியம்!

கெடு தாண்டினால் தகவலை இலவசமாகவே தர வேண்டும் என்கிறது 7(6) பிரிவு. அதைச் சொல்லிப் பாருங்கள், நாம் ஏதோ அவர் சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முறைப்பார்கள்.