தகரக் கொட்டகை மட்டுமல்ல, காகிதமும்தான்

ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடித் தொழிலாளர்கள் நகரங்களில் தகரக் கொட்டகைகளில் வெந்து கிடப்பதைப் பற்றி வந்த கட்டுரை, நிலைமையைச் சரியாகவே சொல்கிறது. சாதிச் சான்றிதழ், ரேஷன், நல வாரியப் பதிவு என்று வரும் காகிதச் சிக்கலை மட்டும் தொடவில்லை. பாதித் துன்பம் அங்கேதான்.

பழங்குடிப் பட்டியல் அரசியல் சாசனத்தின் 342-ஆம் பிரிவின்படி மாநிலவாரியானது. ஜார்க்கண்டில் சந்தால் மக்கள் பட்டியல் பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அதனால் சென்னைக்கு வந்ததும் மாநில இடஒதுக்கீடு போய்விடும். 1990-லும் 2018-லும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. ஆனாலும் அப்பாவின் சாதிச் சான்றிதழைத் தொலைத்துவிடக் கூடாது. மத்திய அரசு ஒதுக்கீட்டுக்குப் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க அதுதான் ஆதாரம்.

அடுத்தது ரேஷன். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் முன்னுரிமை அட்டைக்கு (உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அட்டை) தலைக்கு 5 கிலோ தானியம் எந்த ஊரிலும் வாங்கலாம். ஊரில் இருக்கும் குடும்பம் அந்த மாதத்து ஒதுக்கீடு முழுவதையும் எடுத்துவிட்டால் நகரத்தில் ஒரு பிடி அரிசிகூடக் கிடைக்காது. முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். ரேஷன் கடையில் ஆதார் சரிபார்ப்புக்குக் கைரேகை வைக்க வேண்டும், சிமென்டும் செங்கல்லும் தேய்த்த விரலில் ரேகை பதியாது. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரேகைக்குப் பதில் கருவிழியைப் பார்த்து ஆளை உறுதி செய்யும் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். செல்போனுக்கு வரும் ஓடிபி பெரும்பாலும் உதவாது, ஆதாரில் இருப்பது பழைய சிம் எண்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவுக்கு 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அப்படி வேலை செய்ததாகக் கையெழுத்துப் போட மேஸ்திரிகள் தயங்குகிறார்கள். தினமும் தேதி, வேலை இடம், கூலி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது அப்போது கைகொடுக்கும்.