துணிக்குப் பின்னால் வைத்தால் பூட்டியதாகாது

நவம்பர் 15 நெருங்குகிறது. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் அன்றுதான் தொடங்கும். நாங்கள் இருக்கும் சிற்றூர்ப் பக்கம் அது திருவிழா மாதிரி. பல பள்ளிகளுக்கு விடுமுறையே விட்டுவிடுவார்கள். தாத்தா, அப்பா, பேரன் எனச் சேர்ந்து காட்டுக்குப் போவார்கள். அந்தக் கறி குளிர்காலம் முழுக்க ஃப்ரீசரில் இருக்கும். அந்த வாழ்க்கை மேல் எனக்கு மரியாதைதான். துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று இங்கே நான் பேசவரவில்லை. வேட்டை முடிந்து வீட்டுக்கு வந்தபின் அது எங்கே இருக்கிறது என்பதுதான் என் கவலை.

போன வருடம் என் பையனை அவன் நண்பன் வீட்டில் ராத்தங்கக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவிடம் வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொன்னேன், நாய் கடிக்குமா என்று கேட்டேன். ஒரு கேள்விக்கு மட்டும் வாய் வரவில்லை. கடைசியில் கேட்டேவிட்டேன்: "வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே இருக்கும்?" அவர் கோபிக்கவில்லை. ரைஃபிள்கள் எல்லாம் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன, கைத்துப்பாக்கி மட்டும் அலமாரியின் மேல்தட்டில் துணிக்குப் பின்னால், பையனுக்குத் தெரியாது என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அன்று மாலையே அதையும் பெட்டிக்குள் வைத்துவிட்டதாக மெசேஜ் வந்தது.

பையனுக்குத் தெரியாது. ஊரில் எங்கள் அம்மாச்சியும் பூச்சி மருந்தைப் பரணில் வைத்துவிட்டு இதையேதான் சொல்லும். அது எந்தச் சாக்குக்கு அடியில் இருக்கிறது என்று பேரப்பிள்ளைகள் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அலபாமா மாநிலக் கிராமப்புறக் குடும்ப மருத்துவ கிளினிக் ஒன்றில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று அடித்துச் சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் 'எனக்குத் தெரியுமே' என்றார்கள். பிள்ளை தொட்டதே இல்லை என்றவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள் தொட்டிருந்தார்கள். 'தொடாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறோம்' என்பதும் போதாது. இன்னொரு ஆய்வில், சுட முடியாதபடி செய்த நிஜத் துப்பாக்கியை ஒரு அறையில் ஒளித்துவைத்து, 8 முதல் 12 வயதுப் பையன்கள் 64 பேரைச் சிறு குழுக்களாக உள்ளே விட்டுப் பார்த்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள். எடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்.

சின்னப் பிள்ளை என்றால் எல்லோரும் உஷாராகிறார்கள். பதினைந்து வயதுப் பையன் விஷயத்தில்தான் விட்டுவிடுகிறோம். கூடவே வேட்டைக்கு வருகிறான், நன்றாகச் சுடுகிறான், அவனிடம் என்ன மறைப்பது என்று சாவியையே கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதிகம் பயம் அங்கேதான். பரீட்சை, காதல், வீட்டுச் சண்டை என்று ஏதோ ஒன்றில் உடைந்துபோகும் பிள்ளைக்கு, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். துப்பாக்கி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அந்தச் சிறிது நேரம் கிடைக்காது. அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எடுப்பது சொந்த வீட்டில் இருப்பதைத்தான். சாவி அப்பா கையில் இருப்பது மகன் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் தனியாகப் பூட்டுங்கள். பெட்டி வாங்க வசதியில்லை என்றால் துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துப் பூட்டும் கேபிள் பூட்டு இருக்கிறது, பல ஊர்களில் ஷெரிஃப் (உள்ளூர்க் காவல்துறை) அலுவலகத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். ராத்திரி அவசரத்துக்கு வேண்டும் என்பவர்களுக்கு எண் அழுத்தினால் நொடிகளில் திறக்கும் சிறு பெட்டிகள் உண்டு. அந்த எண் பிள்ளையின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம். மிஷிகனில் 2024 பிப்ரவரியிலிருந்து, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைப்பது சட்டமும்கூட.

இங்கே சிற்றூர்களில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலரும் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் விளையாடப் போகும் வீடுகளில் இருக்கும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் மெசேஜில் கேளுங்கள்: "பிள்ளையை அனுப்புவதற்கு முன் எல்லோரிடமும் கேட்பதுதான். வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா?" இதுவரை ஆறு வீடுகளில் கேட்டுவிட்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.