பின்பக்கப் படம் கேட்டால் பொறாமையாம்

மூன்று நாட்களாக எதுவும் எழுதக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் நம் இசைப் பொருள் சேகரிப்பாளர்களின் இணையக் குழுவில் ஒருவர் "எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது.

எந்த ஏலம் என்று உங்களுக்குத் தெரியும். விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்கி ஏமாந்த நண்பரின் பெயரை நிச்சயமாகச் சொல்லப் போவதில்லை. அவர் பட்டது போதும். இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸின் நால்வரும் கையெழுத்திட்ட இசைத்தட்டு உறை, 'உண்மைச் சான்றிதழுடன்'. ஏலம் முடிய இரண்டு நாட்கள் இருக்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்டேன். உறையின் பின்பக்கப் படம் கிடைக்குமா? கையெழுத்தின் மேல் வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுத்த படம் ஒன்று கிடைக்குமா? இந்த உறை யாரிடமிருந்து உங்களிடம் வந்தது?

அதற்கு வந்த பதில்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன, போய்ப் படியுங்கள். "வாங்க முடியாதவர்களுக்கு எல்லாமே சந்தேகம்தான்." "சான்றிதழ் இருக்கிறதே, பிறகென்ன?" ஒருவர் நேரடியாகப் பொறாமை என்றே எழுதினார். அதற்கு விழுந்த விருப்பக் குறிகளை எண்ணிப் பார்த்தேன். 37. ஆம், எண்ணினேன். இந்த வயதில் இதையெல்லாம் எண்ணுகிறானே என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

உறை வந்து சேர்ந்தது. நண்பர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். கையெழுத்து முழுவதும் புள்ளி புள்ளியாக இருந்தது. பேனா மை தாளின் மேல் ஒரே கோடாக ஓடும். ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கும் இடத்தில் மை அடர்ந்து நிற்கும். புள்ளிகளாகத் தெரிந்தால் அது படம், படத்தை அச்சடித்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உருப்பெருக்கி போதும். நான் கேட்ட சாய்வு வெளிச்சப் படம் கிடைத்திருந்தால் ஏலத்திற்கு முன்பே தெரிந்திருக்கும். அதனால்தான் அது கிடைக்கவில்லை.

இப்போது அந்த 37 பேரில் பாதிப் பேருக்கு 'அப்போதே' சந்தேகம் வந்திருந்ததாம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான், இதைப் பத்து முறை சொல்லியிருக்கிறேன், பதினோராவது முறையும் சொல்கிறேன்: சான்றிதழ் ஒரு தாள். அச்சு இயந்திரம் வைத்திருக்கிற எவரும் அடிக்கக்கூடிய தாள். கையெழுத்தையே போலியாகப் போடத் துணிந்தவனுக்கு, அதற்கு ஒரு சான்றிதழ் அடிப்பதில் என்ன கூச்சம் இருக்கப் போகிறது?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. பெரும்பாலும் விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகள், கூடவே மற்ற பிரபலங்களுடையதும். அந்தச் சரக்கு வெறுங்கையோடு சந்தைக்கு வரவில்லை, சான்றிதழோடுதான் வந்தது.

"அது குற்றவாளிக் கும்பல், நல்ல நிறுவனத்தின் சான்றிதழை நம்பலாமே" என்று கேட்பீர்கள். சரி, அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் கதைக்கு வருவோம். 2022 நவம்பரில் அவருடைய புத்தகத்தின் 900 பிரதிகள், அவரே கையால் கையெழுத்திட்டவை என்று தலா 599 டாலருக்கு விற்கப்பட்டன. பதிப்பகமே உறுதிக் கடிதம் வைத்து அனுப்பியது. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் பிரதிகளின் படங்களைப் பொதுவில் போட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஒரே வளைவு, ஒரே நீளம், ஒரே அழுத்தம். மனிதக் கை ஒரே கையெழுத்தை இரண்டு முறை அச்சு அசலாகப் போடாது. அது ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும் ஆட்டோபென் என்ற இயந்திரத்தின் வேலை. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலனும் தன் தவறை ஒப்புக்கொண்டார். உயிரோடு இருக்கிற கலைஞர், அவர் புத்தகத்தை வெளியிட்ட பதிப்பகம், உறுதிக் கடிதம், இவ்வளவும் இருந்தும் இதுதான் நடந்தது. உண்மை எப்படி வெளியே வந்தது? வாங்கியவர்கள் கேள்வி கேட்டதால். நம் குழுவாக இருந்திருந்தால் அவர்களையும் பொறாமைக்காரர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

பீட்டில்ஸ் விஷயம் இன்னும் சிக்கலானது. அந்த நாட்களில் ரசிகர்கள் நீட்டிய தாள்களுக்கு நால்வராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. அவர்களுடன் பயணம் செய்த நீல் ஆஸ்பினால், மால் எவன்ஸ் இருவரும் நால்வருக்காகவும் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். அதாவது காலம் சரி, மை சரி, தாள் சரி, வாங்கிவந்த ரசிகையும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது நால்வரில் ஒருவரான ஜான் லெனனின் கையெழுத்து இல்லை. இதையும் மீறி நால்வரும் ஒரே உறையில், கறையில்லாமல், மடிப்பில்லாமல், நாலு மூலையிலும் அழகாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், ஐயா, ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டாமா?

என்னைப் பார்த்து "இவன் ஏமாந்ததே இல்லை போலிருக்கிறது" என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏமாந்திருக்கிறேன். இதுவரை எழுதியதில்லை.

அண்ணனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று மாதக்கணக்கில் தேடி, இணைய ஏலம் ஒன்றில் 1963ஆம் ஆண்டுக் கச்சேரி நிகழ்ச்சி நிரல் ஒன்றை எடுத்தேன். மேடை வாசலில் அன்றிரவே கையெழுத்து வாங்கியது என்று விற்றவர் உருக்கமாக ஒரு கதை எழுதியிருந்தார். அம்மா வாங்கியது, அம்மா இறந்துவிட்டார், மனமில்லாமல் விற்கிறேன். நான் அந்தக் கதையைத்தான் வாங்கினேன் என்று இப்போது தெரிகிறது. ஏலத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் இன்னொருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். நானும் விடவில்லை. ஒரு மாதச் சம்பளம் போனது. பிறகு பார்த்தால், அந்த 'இன்னொருவர்' ஏலம் கேட்டதெல்லாம் அதே விற்பனையாளரின் பொருட்களுக்கு மட்டும்தான். விற்கிறவனே ஆள் வைத்து விலை ஏற்றுவது சந்தையில் புதிதா என்ன? கணினித் திரைக்குப் பின்னால் நடந்தால் மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

அண்ணன் அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார். அவருக்குப் பாட்டுக்கு அடுத்த பைத்தியம் பேனா. கையெழுத்து கறுப்பு மார்க்கரில், ஷார்ப்பி ரகத்தில், இருந்தது. ஷார்ப்பி விற்பனைக்கு வந்ததே 1964இல்தான். பரிசைக் கையில் வாங்கிய அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணிதான் பேச்சுவாக்கில் உளறினார். அண்ணனிடம் கேட்டபோது "நீ அவ்வளவு ஆசையாகக் கொண்டு வந்தாய், எப்படிச் சொல்வது" என்றார்.

அந்த மௌனம் எனக்குப் புரிகிறது. நம் குழுவின் மௌனம்தான் புரியவில்லை.

சரி, வாதத்துக்கு வருகிறேன். "இப்படி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் எதையுமே வாங்க முடியாது" என்று மூத்த சேகரிப்பாளர் ஒருவர் தனிச் செய்தியில் சொன்னார். அவர் மேல் மரியாதை உண்டு, ஆகவே பொறுமையாகவே பதில் சொல்கிறேன். முடியும். 1963 டிசம்பரில் ஜான் லெனனின் கிப்சன் கிதார் ஒன்று காணாமல் போனது. பல ஆண்டுகளாக அதை வைத்திருந்தவருக்கே அது யாருடையது என்று தெரியாது. கடைசியில் வரிசை எண்ணையும், பழைய புகைப்படங்களில் தெரிந்த மரத்தின் ரேகைகளையும் ஒப்பிட்டுத்தான் உறுதி செய்தார்கள். 2015இல் 24 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. மர ரேகை பொய் சொல்லாது, கைரேகை மாதிரி. சந்தேகப்பட்டதால் அந்தக் கிதாரின் மதிப்பு குறைந்துவிட்டதா?

நம்மைப் போன்றவர்கள் கிதார் வாங்கப் போவதில்லை, தெரியும். ஆனால் முறை ஒன்றுதான், பொருளே பேச வேண்டும். இசைத்தட்டு என்றால் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் கீறப்பட்டிருக்கும், எந்த அச்சு என்று சொல்லும் மேட்ரிக்ஸ் எண்ணைப் படமெடுத்துக் கேளுங்கள். 1964இல் வீ-ஜே நிறுவனம் வெளியிட்ட பீட்டில்ஸ் தட்டுக்கு எத்தனை போலிகள் உண்டு என்று பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். பழைய சுவரொட்டி என்றால் புற ஊதா விளக்கில் காட்டச் சொல்லுங்கள். பிற்காலத் தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் நீலமாய் ஒளிரும், பழைய தாள் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். சான்றளிக்கும் நிறுவனம் ஒட்டும் ஹோலோகிராம் வில்லையின் எண்ணைக் கொடுத்திருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய்த் தேடுங்கள், விற்கிறவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். அதோடு அந்த எண்ணுக்கு அங்கே இருக்கிற படமும் உங்கள் பொருளும் ஒன்றுதானா என்று பாருங்கள். உண்மையான எண்ணைப் போலிப் பொருளில் ஒட்டுவது ஐந்து நிமிட வேலை.

"ஏலத் தளமே பணத்தைத் திருப்பித் தரும், பிறகென்ன கவலை" என்றும் ஒருவர். தரும், தளத்துக்குள்ளேயே பணம் கட்டியிருந்தால், கெடு நாட்களுக்குள் புகார் கொடுத்தால். நம் நண்பர் எப்படிக் கட்டினார்? ஏலத்தில் தோற்ற மறுநாள், "ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன், கமிஷன் மிச்சம், நேரடியாக அனுப்புங்கள்" என்று செய்தி வந்திருக்கிறது. நேரடியாக அனுப்பினார். இனி யாரிடம் கேட்பது? இந்த 'இரண்டாவது வாய்ப்பு' ஏமாற்று ஏலத் தளங்களின் ஆரம்ப நாட்களிலிருந்தே இருக்கிறது. அதைக்கூட நம் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. யார் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

"போலியாக இருந்தாலும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தால் சரிதானே" என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் நானே போட்டுத் தருகிறேன், நால்வர் கையெழுத்தும், இலவசமாக.

கடைசியாக, "பேராசைதான் காரணம், குறைந்த விலைக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்" என்று நேற்று எழுதியவர்களுக்கு. நண்பர் குறைந்த விலைக்கு ஆசைப்படவில்லை. மூன்று வருடம் சேர்த்த பணம் அது. உங்களில் எத்தனை பேர் அந்த ஏலத்தின் கீழே "அருமை", "வாழ்த்துகள்", "கொடுத்துவைத்தவர்" என்று எழுதினீர்கள்? அந்த வாழ்த்துகளைப் படித்துத்தான் அவருக்குத் துணிவு வந்தது. அதை அவரே என்னிடம் சொன்னார். இன்று அவரைப் பேராசைக்காரர் என்று சொல்வதும் நீங்களே. விற்றவனைப் பற்றி ஒரு வரி? கிடையாது. அவன் இன்னும் அதே குழுவில் இருக்கிறான், நேற்றுக்கூட யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறான்.

நண்பரிடம் என் கேள்விகளைத் தனியாகவும் அனுப்பியிருக்க வேண்டும். பொதுவில் கேட்டுவிட்டு, 37 பேர் சிரித்ததும் ரோஷப்பட்டு ஒதுங்கிவிட்டேன். அது என் தவறு. அதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

நாளை இரவு அதே விற்பனையாளரின் இன்னொரு ஏலம் முடிகிறது. இந்த முறை கையெழுத்திட்ட தகடு, கிதாரின் முகப்பில் கீறல் விழாமல் காக்கப் பொருத்துவது, மறுபடியும் சான்றிதழுடன். பின்பக்கப் படம் கேட்டு எழுதியிருக்கிறேன். படித்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில் வரவில்லை. கீழே ஏற்கெனவே ஆறு "வாழ்த்துகள்".