நாட்டிலஸில் ஏவுகணையே கிடையாது
"1954லேயே நாட்டிலஸ் மூலம் அமெரிக்கா கடலுக்கடியில் ஏவுகணையைக் கொண்டுபோய்விட்டது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நாட்டிலஸ் என்ற அந்த அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஓடியது அணுசக்தியில்தான். ஆனால் அதன் ஆயுதம் நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோ மட்டுமே.

பாலிஸ்டிக் ஏவுகணை (உயரே எழும்பி வளைபாதையில் போய் விழுவது) ஏந்திய முதல் அமெரிக்க அணு நீர்மூழ்கி ஜார்ஜ் வாஷிங்டன், 1959 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. அவசரம் எந்த அளவுக்கு என்றால், ஸ்கார்பியன் என்ற தாக்குதல் நீர்மூழ்கிக்காகப் போட்டிருந்த உடலை நடுவில் வெட்டி, 16 ஏவுகணைக் குழாய்கள் கொண்ட சுமார் 130 அடிப் பகுதியைச் செருகினார்கள். அசுர வேலை அது! 1960 ஜூலை 20 அன்று மூழ்கிய நிலையிலேயே போலாரிஸ் என்ற ஏவுகணையை ஏவிக் காட்டியது.

அப்புறம், நீர்மூழ்கியிலிருந்து முதலில் பாலிஸ்டிக் ஏவுகணையை ஏவியதும் அமெரிக்கா இல்லை. 1955இல் சோவியத்தின் டீசல் நீர்மூழ்கி ஒன்று, நீர்மட்டத்துக்கு மேலே வந்து ஏவியது. இதையும் பதிவில் திருத்திவிடுங்கள்.